உருளும் இல்லமும் பாங்கோசையும்



நம் கடற்கரை ஊர்களில் ஒருவரைப் பற்றி விசாரிப்போர், அவருடைய பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். பெண் கேட்டு வருவோரும், கைமாற்றுக் கொடுப்போரும், ஜனாஸாச் செய்தி சொல்ல வருவோரும் வீட்டைச் சொல்லித்தான் மனிதரை அடையாளம் காண்பார்கள். அத்தகைய ஊரில், பெயர் பெற்ற ஒரு வீட்டில் பிறந்த என் தங்கை மகன், இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தன் மனைவியோடும் ஐந்து வயது மகனோடும், பள்ளிக்கூடம் கழித்துவிட்ட ஒரு பழைய பேருந்தில் குடியிருக்கிறான்.

வறுமை அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கணினித் துறையில் கைநிறையச் சம்பாதிப்பவன்தான். வறுமையால் நேர்ந்திருந்தால் உறவினர்கள் இரக்கப்பட்டிருப்பார்கள். விரும்பிச் செய்ததால் சிரித்தார்கள். என் தங்கை தன் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம் அது. வந்தவர்கள் தேநீர் அருந்தியபடியே, "மூத்தவர் அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிவிட்டாரா?" என்று வினவ, அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிரவே என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"காக்கா, புள்ள பஸ்ஸுல குடியிருக்கான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? நீங்க ஓதிக்கொடுக்குற ஆளு. நீங்க சொன்னா கேப்பான். அதை வித்துப்போட்டு ஒழுங்கா ஒரு வீட்டுல போய் இருக்கச் சொல்லுங்க."

அதே வாரத்தில் அவனிடமிருந்தும் ஒரு கேள்வி வந்தது. "மாமா, நாங்கள் மாதத்துக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டிருக்கிறோம். வீடும் எங்களோடு நகர்கிறது. நான் முகீமா, முஸாபிரா? தொழுகையைச் சுருக்கலாமா, முழுமையாகத் தொழ வேண்டுமா?"

தாய் கேட்டது மானத்தைப் பற்றி; மகன் கேட்டது மார்க்கத்தைப் பற்றி. இரண்டுக்கும் விடை சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது. அவ்விடையைத் தேடிச் சென்ற வழியில் நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மஞ்சள் பேருந்தின் கதை

அமெரிக்காவின் பள்ளிப் பேருந்துகள் எல்லாம் ஒரே மஞ்சள் நிறத்தில் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அங்கு ஊருக்கொரு நிறம், ஊருக்கொரு வண்டி. குதிரை வண்டியில் பள்ளி சென்ற பிள்ளைகளும் உண்டு. 1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஏழு நாள்கள் நடைபெற்ற அம்மாநாடு, பள்ளிப் பேருந்துக்கென 44 விதிகளை வகுத்தது. விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்துகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977 முதல், வண்டி உருண்டாலும் நசுங்காத கூரை, எளிதில் பிரியாத இணைப்புகள் என்று மேலும் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பிள்ளைகளின் உயிரைக் காக்கவென்றே உருவான இரும்புக் கூடு அது.

பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள் ஓடிய பின்னர், பள்ளி நிர்வாகங்கள் இவ்வண்டிகளை ஏலத்தில் விற்றுவிடுகின்றன. பிள்ளைகளைச் சுமக்கும் தகுதி முடிந்துவிட்டாலும், எஞ்சினுக்கும் கூட்டுக்கும் இன்னும் ஆயுள் இருக்கும். இண்டர்நேஷனல் நிறுவனத்தின் டிடி466 போன்ற பழைய டீசல் எஞ்சின்களைத் தேடிப் பிடித்து வாங்குவோர் அங்கு நிறையப் பேர். அவ்வாறு வாங்கி இல்லமாக மாற்றிய பேருந்தை 'ஸ்கூலி' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. 1964இல் எழுத்தாளர் கென் கீஸியும் அவர் தோழர்களும் 1939ஆம் ஆண்டு மாடல் பள்ளிப் பேருந்து ஒன்றில் வண்ணங்களை வாரிப் பூசி நாட்டைக் குறுக்காகக் கடந்தார்கள். பின்னர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பழைய பேருந்துகளில் அணிவகுத்துப் புறப்பட்ட ஒரு கூட்டத்தினர், 1971இல் டென்னசி மாநிலத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். அவர்களுடைய கேளிக்கைகளும் கொள்கைகளும் நமக்கு ஏற்புடையன அல்ல. ஆயினும், பேருந்தில் குடும்பம் நடத்த முடியும் என்பதை நாட்டுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தாம். பிற்காலத்தில் வாடகை உயர்வுக்கு அஞ்சியவர்களும், ஊர் சுற்ற விரும்பியவர்களும், கடனற்ற வாழ்வை நாடியவர்களும் அதே வழியில் வந்தார்கள். என் மருமகன் கடைசி வகையைச் சேர்ந்தவன்.

ஏன் இந்த முடிவு?

அமெரிக்காவில் வீடு வாங்குவது என்றால், பெரும்பாலோர்க்கு அது முப்பது ஆண்டு வட்டிக் கடன் என்றே பொருள். வட்டி தவிர்த்த முறையில் வீட்டுக்கு நிதியளிப்பதாகக் கூறும் நிறுவனங்கள் அங்கு உள்ளன. அவற்றின் ஒப்பந்தங்களைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. மேலை நாட்டு முஸ்லிம்கள் வேறு வழியில்லாத நிலையில், குடியிருக்கும் வீட்டுக்காக வங்கிக் கடன் பெறலாம் என்று ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் 1999இல் ஒரு தீர்மானம் வெளியிட்டது. மன்றத்திலேயே சிலர் அதற்கு உடன்படவில்லை. நிர்ப்பந்தத்தில் இருப்போரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. என் மருமகன் சொன்னது இதுதான்: "மாமா, கருத்து வேறுபாட்டுக்குள்ளேயே நான் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். வாடகை கொடுக்கும் பணத்தைச் சில ஆண்டுகள் மிச்சப்படுத்தினால், சிறிதாக ஒரு மனையை ரொக்கத்துக்கே வாங்கிவிடுவேன். அதுவரை இது எனக்குப் பாலம்."

பேருந்து இல்லமான விதம்

ஏலத்தில் பேருந்தைப் பார்க்கச் சென்றபோது எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அவன் செய்த ஒன்றைக் கேட்டு நான் வியந்தேன். உள்ளே ஏறி நிமிர்ந்து நின்று, தக்பீர் கட்டிப் பார்த்தானாம். சில பேருந்துகளின் உள் உயரம் ஆறடி மட்டுமே. சிலவற்றுக்கு ஆறரை அடி. கடமையான தொழுகைக்கு நிற்றல் ஒரு பர்ளு அல்லவா? ஆறடி உயரமுள்ளவன், கூரைக்கு உள்பக்கம் வெப்பத்தடுப்பு அடித்த பிறகும் தலை தட்டாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, உயரமான வண்டி கிடைக்கும்வரை மூன்று ஏலங்களைத் தவறவிட்டான்.

பின்னர் பதினொரு மாதங்கள், சனி ஞாயிறுகளில் வேலை. முதலில் இருக்கைகளைக் கழற்ற வேண்டும். துருவேறிய திருகாணிகள் பல அசைய மறுத்ததால், அறுவை எந்திரத்தால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். தரையில் ரப்பர் விரிப்பு, அதன்கீழ் ஒட்டுப்பலகை, அதன்கீழ் இரும்புத் தகடு. பலகையைப் பெயர்த்த பிறகுதான் எவ்வளவு துரு என்பது தெரியும். துருவைச் சுரண்டி, மருந்து பூசி, ஓட்டைகளை அடைத்து, வண்ணம் தீட்டிய பின்னரே மேல்வேலை. டெக்சாஸ் வெயிலுக்கு, இத்தனை சன்னல்கள் உள்ள இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். ஆகவே பாதிச் சன்னல்களைத் தகடு வைத்து மூடி, சுவரிலும் கூரையிலும் தரையிலும் நுரைப் பலகைகளைப் பொருத்தினார்கள். கூரையில் சூரிய ஒளித் தகடுகள், இருக்கைக்கு அடியில் லித்தியம் மின்கலங்கள், சமையலுக்கு எரிவாயு. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கசிந்தால் கூவி எழுப்பும் கருவியைப் படுக்கை அருகே மாட்டினான். பின்புற அவசரக் கதவை எதைக் கொண்டும் மறைக்கவில்லை. கனமான பொருள்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் வண்டி சாயும்; ஆகவே தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் என்றால் மின்கலங்கள் மறு பக்கம்.

இவ்வளவும் எவரும் செய்வதுதான். ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கென அவன் யோசித்தவை வேறு. இவ்வகை வண்டிகளில் தண்ணீர் இல்லாத உலர் கழிப்பறைகளையே பலரும் வைக்கிறார்கள். சிறுநீரைத் தனியே பிரித்து, மற்றதை மரத்தூளோடு உலரவிடும் முறை அது. தண்ணீரால் சுத்தம் செய்யும் நமக்கு அது ஒத்துவராது. எனவே கழிவுத் தொட்டியோடு கூடிய நீர்க் கழிப்பறையையே வைத்தான். அதற்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். தொட்டியின் கொள்ளளவோ 380 லிட்டர். அது தீர்ந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போக வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் உளூச் செய்தார்கள் என்பதையும், நான்கைந்து முத்து நீரில் குளித்தார்கள் என்பதையும் ஆண்டுதோறும் என் மாணவர்க்குப் பாடமாக நடத்துகிறேன். பாடம் நடக்கும்போதே எங்கள் ஹவுளில் குழாய் திறந்து கிடக்கும். அந்த ஐந்து வயதுப் பாலகனோ ஒரு சிறு குவளையில் உளூச் செய்து, மீதியைச் செடிக்கு ஊற்றுகிறான்.

உள்ளகலம் ஏழரை அடி. உணவு மேசையைச் சுவரோடு மடக்கினால் மூவர் தொழலாம். அந்நாட்டில் கிப்லா வடகிழக்கு நோக்கியது. வண்டியை நிறுத்தும்போதே அதைக் கணக்கிட்டு நிறுத்துகிறான். இதைக் கேட்டபோது மதீனாவின் அந்தச் சிறிய அறைகளே என் நினைவுக்கு வந்தன. சிறுவராக இருந்த ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களின் கை, அண்ணலாரின் மனைவியரது அறைகளின் கூரையைத் தொட்டது. நபியவர்கள் இரவில் ஸஜ்தாச் செய்ய இடம் வேண்டி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உலகுக்கு வழிகாட்டிய வீடு அது.

கிதாபுகள் சொல்வது

இனி அவனுடைய கேள்வி. அசையும் வீடு ஒரு வீடுதானா? திருமறையின் 'நஹ்ல்' அத்தியாயம், 80ஆம் வசனம், நிலையான வீடுகளைச் சொன்ன அதே மூச்சில், கால்நடைத் தோலால் ஆகிய, பயணத்திலும் தங்குதலிலும் இலேசாக இருக்கும் வீடுகளையும் அல்லாஹ்வின் அருட்கொடையாக எண்ணிக் காட்டுகிறது. ஆகவே நகரும் இல்லத்தை இழிவென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

தொழுகையைப் பொறுத்தவரை, நம் முன்னோருக்கே இக்கேள்வி நன்கு பழக்கமானது. மரைக்காயர்கள் மாதக்கணக்கில் கடலில் வாழ்ந்தவர்கள் அல்லவா? குடும்பத்தைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு, கரையில் வேறு வீடில்லாத மாலுமியைப் பற்றி பிக்ஹு நூல்கள் பேசுகின்றன. அவர் கஸ்ர் செய்யக் கூடாது, ஏனெனில் அவருடைய வீடு அவரோடே இருக்கிறது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாபிஈ மத்ஹபில் கஸ்ருக்கு அனுமதி உண்டு. எனினும் அந்தக் கருத்து வேறுபாட்டைத் தவிர்க்க, முழுமையாகத் தொழுவதே சிறந்தது என்பார்கள். கூடாரத்தில் வாழ்வோர் வெட்டவெளியிலும் தங்கும் நிய்யத்து வைத்து முகீம் ஆகலாம் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம்.

ஒரு வியப்பைப் பாருங்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலுள்ள அரசு நிலங்களில், பொதுவாக 28 நாள்களுக்குள் 14 நாள்கள் கட்டணமின்றி ஓரிடத்தில் தங்கலாம். பிறகு கிளம்பிவிட வேண்டும். ஹனபி மத்ஹபில் முகீம் ஆவதற்கு வேண்டிய நிய்யத்து 15 நாள்கள்! அந்நாட்டுச் சட்டம் அவனை ஒருநாள் குறைவில் முஸாபிராகவே வைத்திருக்கிறது. நாங்கள் ஷாபிஈ மத்ஹபினர். எங்களுக்கு அந்தக் கணக்கு நான்கு நாள்கள். ஆகவே, "முழுமையாகவே தொழு" என்று எழுதினேன்.

ஆனால் அதோடு முடிக்க என் மனம் இடம் தரவில்லை. கூடாரவாசிகளைப் பற்றிய பாடத்தில் இன்னொரு வரி உண்டு. அவர்கள் தமக்குள் ஜும்ஆ நிலைநாட்ட வேண்டியதில்லை. எனினும் அருகிலுள்ள ஊரின் பாங்கோசை எட்டும் தூரத்தில் இருந்தால், அந்த ஜும்ஆவுக்குச் செல்வது அவர்கள்மீது கடமையாகிவிடுகிறது. அந்த வரியைப் படித்தபோது, கேட்காத கேள்வி ஒன்று எனக்குத் தெரிந்தது. அவன் தங்கும் இடங்களில் எத்தனைக்குப் பாங்கோசை எட்டும்?

அண்டை வீட்டார் எங்கே?

மனிதனின் நற்பேறுகளாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னவற்றுள் விசாலமான வீடும், வசதியான வாகனமும், நல்ல அண்டை வீட்டாரும் உண்டு. என் மருமகன் வீட்டையும் வாகனத்தையும் ஒன்றாக்கிவிட்டான். விசாலத்துக்குக் கதவைத் திறந்தால் வனாந்தரமே முற்றம். அண்டை வீட்டார்?

ஒருநாள் மாலை, மதரஸா முடியும் நேரத்தில் அவன் மகன் கைபேசியில் என்னோடு பேசினான். என் பின்னால் பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, "இவங்க எல்லாரும் நாளைக்கும் வருவாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "இதே ஆளுங்களா?" என்றான். அந்தக் கேள்விக்குப் பின் சிறிது நேரம் நானும் பேசவில்லை. அந்தப் பக்கம் அவனுடைய தந்தையும் பேசவில்லை. இரண்டு வாரத்துக்கொரு முறை மாறும் முகங்களைத் தவிர வேறு முகங்களை அறியாத பிள்ளை, அதே முகங்கள் மறுநாளும் வரும் என்பதை ஓர் அதிசயமாகக் கேட்கிறான்.

அன்றிரவு மருமகனுக்கு எழுதினேன். "வண்டியை விற்கச் சொல்ல மாட்டேன். வட்டியிலிருந்து ஒதுங்க நீ எடுத்த முயற்சியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால், உன் மகனுக்கு ஓர் உஸ்தாதும், தினமும் சண்டையிட்டுச் சமாதானமாக நான்கு தோழர்களும், நோய் என்றால் கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீடும் வேண்டும். வண்டியைப் பாங்கோசை எட்டும் தூரத்தில் நிறுத்து. விடுமுறையில் ஊர் சுற்று."

அது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். அங்கே பல நகரங்களில், சொந்த மனையில்கூட வண்டியை நிறுத்தி அதில் குடியிருக்கச் சட்டம் இடந்தருவதில்லை. தனியார் முகாம்கள் பல, பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. அவன் அணுகிய ஒரு காப்பீட்டு நிறுவனம், வீட்டிலேயே செய்த வண்டி என்றதும் மறுத்துவிட்டது. மாநிலப் பதிவில் அதைப் பேருந்திலிருந்து குடியிருப்பு வாகனமாக மாற்றி, மஞ்சளை நீக்கி வெளிர்பச்சை பூசி, சிவப்பு விளக்குகளையும் நிறுத்தப் பலகையையும் கழற்றிய பிறகே அதற்குக் காப்பீடு கிடைத்திருந்தது. இப்போது இடம் தேடி நான்கு மாதங்கள் அலைந்தான். கடைசியில் நகர எல்லைக்கு வெளியே, பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு முதியவர் தம் தோட்டத்தில் ஒரு மூலையை வாடகைக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் வண்டி அங்கேதான் நிற்கிறது. மாலையில் அந்தப் பாலகன் குர்ஆன் ஓதப் போகிறான். முதியவரின் மனைவிக்கு உடல்நலம் இல்லாதபோது, என் மருமகனின் மனைவி கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அது வீடாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

என் தங்கையின் மனக்குறை முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அதற்குப் பேருந்துதான் காரணமா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால், அடுத்து வந்தவர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது அவள் அடுப்படிக்குள் போகவில்லை. "எம் புள்ள வட்டி இல்லாத வீட்டுல இருக்கான்" என்றாளாம். வீட்டுக்குச் சக்கரம் உண்டு என்பதையும் சொல்லிவிட்டாளாம்.

வாசகர்களே! நம் ஊர்த் தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். அரபு நாட்டு வெயிலில் உழைத்த பணத்தில் எழுந்த மாடி வீடுகள். பளிங்குத் தரை, தேக்குக் கதவு, கதவில் பூட்டு. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். கீழ் அறையில் வயோதிகத் தாய் ஒருத்தி மட்டும். சில வீடுகளின் அடியில் வட்டிக் கடனும் அஸ்திவாரமாக இருக்கிறது. அந்த வீடுகளுக்கு ஐந்து வேளையும் பாங்கோசை தடையின்றி எட்டுகிறது. எழுந்து போக ஆள்தான் இல்லை.

வீட்டின் நீள அகலத்தை அளக்கும்போது, அதிலிருந்து பள்ளிவாசலுக்கும், பக்கத்து வீட்டுக்கும், பெற்ற தாயின் கட்டிலுக்கும் உள்ள தூரத்தையும் நாம் சேர்த்து அளப்போமாக. வல்ல நாயன், ஹலாலான உழைப்பில் அமைந்த, தொழுகையால் ஒளிபெற்ற, நல்ல அண்டை வீட்டாரைக் கொண்ட இல்லங்களை நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.